முப்பத்தோராவது படம்

செலண்டார்
9.3.2025

அன்பு ஷாந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, உள்ளே உன் மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ் கடிதம் இருக்கிறது. உன் கடிதங்கள் எல்லாம் இன்னும் இங்கேதான் வருகின்றன. உன் செங் முகவரியைப் பக்கத்து வீட்டுப் பெரியநாயகியிடம் கெஞ்சி வாங்கினேன். போனில் கூப்பிட்டால் ஒரு தடவை மணி அடித்து நின்றுவிடுகிறது. "ஒங்கள பிளாக் பண்ணிட்டா அண்ணே, விடுங்கலா" என்கிறாள். விட்டுவிட்டேன். கடிதத்தை யாரும் பிளாக் பண்ண முடியாது என்று நினைக்கிறேன்.

அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. லாரியைக் கொடுத்துவிட்டேன், இனிமேல் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி ஓட்ட இடுப்பு இடம் கொடுக்காது. காலையில் எழுகிறேன், பூனைக்குச் சோறு வைக்கிறேன். அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நம் பூனை கோப்பி நன்றாக இருக்கிறது. அம்மா உட்காரும் நீல நாற்காலியை விட்டு இறங்குவதில்லை. நீ அதை விசாரிப்பாய், என்னை விசாரிக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் அம்மாவின் போனில் அதை ஒரு படம் எடுத்து, ஜாசின் போட்டோ கடையில் கழுவி, இதோடு வைத்திருக்கிறேன். வாழ்நாளில் நான் எடுத்த முதல் படம் இதுதான்.

அப்பா
வீராசாமி


செங்
19.3.2025

அப்பா,

இன்சூரன்ஸ் கடிதம் கிடைத்தது.

படமும் கிடைத்தது. அது என்ன அப்பா? யாரோ நாற்காலியில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னோடு அறையில் இருக்கும் கலைமகள் பார்த்துவிட்டு, "பணியாரம் கருகிருச்சாலா?" என்று கேட்டாள். இரண்டு பச்சைப் புள்ளி மட்டும் பேய் மாதிரி எரிகிறது. பிளாஷ் அடித்திருக்கிறீர்கள். அதை முதலில் அணையுங்கள். பாவம், அதன் கண் என்னத்துக்கு ஆகும்?

கறுப்புப் பூனைக்கு வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை எட்டு ஒன்பது மணிக்குச் சமையலறை ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும். பின்னால் வெளிர் நிறத் துணி ஏதாவது போடுங்கள், இல்லையென்றால் கறுப்பு கறுப்போடு போய்விடும். கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். நின்றுகொண்டு மேலேயிருந்து எடுக்காதீர்கள், அதன் முகத்துக்கு நேராக நீங்கள் கீழே வர வேண்டும்.

பேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். கால் என்னுடையதா என்றே தெரியவில்லை. பூனையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன்.

ஷாந்தினி


செலண்டார்
30.3.2025

அன்பு ஷாந்தினிக்கு,

பூனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிளாஷை அணைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கேமராக் கண்ணாடியில் மஞ்சளாக எண்ணெய் படிந்திருந்தது. அம்மா தாளித்துக்கொண்டே பேசுவாளே, அந்தக் கை. துடைக்க மனசு வரவில்லை. ஒரு நாள் அப்படியே வைத்திருந்தேன். பிறகு துடைத்தேன். மன்னித்துக்கொள், இது பூனையைப் பற்றியது இல்லை.

சொன்னபடி கீழே இறங்கினேன். உட்கார்ந்தால் முட்டி பிடிக்கிறது, அதனால் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கோப்பி வந்து என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்துக்கு நேராகப் பின்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியநாயகி சாம்பார் கிண்ணத்தோடு பின்வாசலில் வந்தாள். அவளுக்கு என் கால் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "ஐயோ, அண்ணனும் போயிட்டாரே!" என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மலாய்க்காரர் சாரோங்கோடு ஓடி வந்தார். சாம்பார் தரையெல்லாம் கொட்டியது. பூனையைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பவில்லை. என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இருபது படம் எடுத்ததில் பத்தொன்பது வால். மீதி ஒன்றை அனுப்புகிறேன். மங்கலாக இருப்பது போலத் தெரிகிறது, என் கண்தான் அப்படியோ என்னவோ.

அப்பா


செங்
12.4.2025

அப்பா,

உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது. படம்தான் ஆடியிருக்கிறது. இருந்தாலும் இது பூனை என்று கலைமகளே ஒத்துக்கொண்டாள். சாம்பார் கதையைப் படித்து வேலைக்குப் போகும் வேனில் வழி முழுக்கச் சிரித்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

கையை நாற்காலியில் ஊன்றிக்கொள்ளுங்கள், ஆடாது. திரையில் அதன் கண்மேல் விரலால் தொடுங்கள், அப்போதுதான் கண் தெளிவாக விழும். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுக்காதீர்கள், கிட்டப் போங்கள். கூப்பிடாதீர்கள். அதைக் கூப்பிட்டால் போய்விடும், உங்களுக்கே தெரியும். நெத்திலி டின்னைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுங்கள், திரும்பிப் பார்க்கும். ஒரு நொடிதான் பார்க்கும். அதற்காக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒரு பூனைக்காகத் தரையில் படுக்கிறீர்கள். அம்மாவுக்காக ஒரு தடவையாவது அசையாமல் நின்றீர்களா?

என் போனில் அம்மாவின் படம் முப்பது இருக்கிறது. முப்பதிலும் கை முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. தீபாவளி, என் கான்வொகேஷன், கோயில், எல்லாவற்றிலும் அந்தக் கைதான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மலாக்காவில் நம் சொந்தக்கார ஷாமினி அக்கா கல்யாணத்தில் கேமராக்காரர் உங்கள் இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். "இந்த மூஞ்சிக்குப் படம் ஒண்ணுதான் கொறைச்சல், கேமரா ஒடஞ்சிரப் போவுது" என்றீர்கள். மண்டபத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். எனக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து அந்தக் கை இறங்கவே இல்லை.

அம்மா செத்த அன்றைக்கு மாலை போட ஒரு படம் இல்லாமல் ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருந்த முகத்தைப் பெரிதாக்கினோமே, நினைவிருக்கிறதா? போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி. சொந்த வீட்டில், சொந்தச் சாமி மேடைக்குப் பக்கத்தில். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் அதனால்தான் கிளம்பினேன். அந்தப் படத்தையும் உங்களையும் ஒரே அறையில் என்னால் பார்க்க முடியவில்லை.

ஷாந்தினி


செலண்டார்
27.4.2025

அன்பு ஷாந்தினிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சிரிப்புக்காகச் சொன்னது என்று முதலில் எழுதினேன். அது பொய்.

அன்றைக்கு உன் அம்மா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். கனகாம்பரம் வைத்திருந்தாள். என் சட்டைக்குக் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை, கை முழுக்க லாரி கிரீஸ், நகத்துக்குள் போகவே போகாது. அவள் பக்கத்தில் நிற்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், தப்பித்தேன் என்று நினைத்தேன். அவள் கை முகத்துக்குப் போனதை நான் கவனிக்கவே இல்லை. நீ எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்து இதைக்கூடப் பார்க்காதவன் நான்.

அவள் போனில் இருக்கும் படங்களை இப்போதுதான் ஒன்றொன்றாகப் பார்த்தேன். இருநூறுக்கு மேல் இருக்கிறது. பாதி கோப்பி, அவளுக்கும் என்னைப் போலவே வால்தான் விழுந்திருக்கிறது. மீதிப் பாதி நான். லாரிக்கு அடியில் என் கால். சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். வாசலில் சிலிப்பர் தேடுகிறேன். ஒன்றில்கூட எனக்குத் தெரிந்து எடுக்கவில்லை. அவள் முகம் ஒன்றிலும் இல்லை.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டிய ஆளும் இல்லை. உன்னிடம் கேட்டால் அது சரியாகுமா என்றும் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது மகளே. வேலை செய்து வந்த களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும்.

கரண்டியால் தட்டினேன். திரும்பிப் பார்த்தது. படம் உள்ளே இருக்கிறது.

அப்பா


செங்
1.6.2025

அப்பா,

ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபம் இல்லை. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். ஓவர்டைம் வேறு. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே மறந்துவிட்டது.

படம் நன்றாக இருக்கிறது. கோப்பிக்கு வலது பக்கம் ஒரே ஒரு வெள்ளை மீசை இருப்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று எடுத்து அனுப்புங்கள். ஜன்னலைப் பார்த்தபடி இருக்கட்டும்.

ஷாந்தினி


செலண்டார்
15.6.2025

அன்பு ஷாந்தினிக்கு,

இப்போது தினமும் காலையில் ஜன்னலோரம் அம்மாவின் வெள்ளைத் துண்டை விரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எடுப்பது ஐந்து நிமிஷம், காத்திருப்பது ஒரு மணி நேரம். மத்தியானம் வந்துவிடுகிறது. அந்த வரைக்கும் நல்லது.

கோப்பிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கூடையில் வைத்து மோட்டாரில் ஜாசினுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அம்மா ஊசி போட்டுவிட்டு, "பதினாலு வயசுன்னா பூனைக்குக் கெழவன் அங்கிள், கிட்னி லேசா வீக்" என்றார். மருந்தைச் சார்டினில் கலந்து கொடுக்கிறேன். மருந்தை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டு மீனைத் தின்கிறது, கெட்டிக்காரன்.

பயமாகத்தான் இருக்கிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன். நீ கேட்ட படம் கைக்கு வந்துவிட்டது. அனுப்பும்போது பார்.

அப்பா


செங்
1.7.2025

அப்பா,

இன்றைக்குக் கூரியரில் பார்சல் வந்தது. நாளைக்கு என் பிறந்த நாள், கலைமகள்தான் ஏதோ செய்கிறாள் என்று நினைத்துக் கேண்டீனிலேயே பிரித்தேன்.

கண்ணாடி பிரேம். உள்ளே கோப்பி, ஜன்னலோரம், அந்த ஒற்றை வெள்ளை மீசையில் வெளிச்சம் படுகிறது. கண்ணாடிமேல் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். சுற்றிப் பிளாஸ்டிக் மாலை.

எப்போது போனது? ஊசி போட்டும் முடியவில்லையா? ஒரு வரி எழுதி உள்ளே வைத்திருக்கலாமே அப்பா. உங்கள் நம்பரைத் தட்டிக் கூப்பிடப் பார்த்தேன், விரல் வரவில்லை. அந்தப் படம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. தனியாகவே குழி வெட்டியிருப்பீர்கள். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். நான் அங்கே இருந்திருக்க வேண்டும். அம்மா உயிர் போன நேரத்திலும் பக்கத்தில் இல்லை, இப்போதும் இல்லை.

வருகிற ஞாயிறு வேலை. அதற்கு அடுத்த ஞாயிறு, 13-ஆம் தேதி, சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு ஓஃப் வாங்கிவிட்டேன். வருகிறேன். அதன் தட்டைக் கழுவி எடுத்து வைத்துவிடாதீர்கள்.

ஷாந்தினி


செங்
15.7.2025

அப்பா,

ஞாயிறு முழுக்கக் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. அதற்காக வருத்தப்படவில்லை, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

கேட்டைத் திறக்கிறேன், செத்துப்போன பூனை செருப்பு அலமாரிமேல் படுத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறது. கையில் பூவோடு நான். என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டது. உட்கார்ந்து அழுதேன், நீங்கள் பார்த்தீர்கள்.

பிறந்த நாளுக்கு நீங்கள் போடச் சொன்ன பிரேமில் பொட்டு வைத்ததும் மாலை போட்டதும் கடைக்காரன் வேலை, பேக் பண்ணும்போது நீங்கள் பார்க்கவில்லை. அதுவரைக்கும் நம்புகிறேன். ஆனால் என் கடிதம் ஏழாம் தேதி திங்கட்கிழமையே உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பெரியநாயகி ஆண்ட்டி சொன்னார். "கூப்புட்டுச் சொல்லுங்கண்ணே, புள்ள அழுவும்" என்று அவர் போனையே உங்களிடம் நீட்டினாராம். வேண்டாம் என்றுவிட்டீர்களாம்! ஆறு நாள், அப்பா. ஆறு நாள் லைனில் நின்றுகொண்டு அழுதிருக்கிறேன். "யாரு செத்தா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். பூனை என்று சொல்ல வெட்கப்பட்டுச் சித்தப்பா என்றேன். இல்லாத சித்தப்பாவுக்காகக் கூட வேலை செய்கிறவர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நேரில் எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கோப்பியின் தட்டைக் கழுவப் போய்விட்டீர்கள். கடிதத்தில்தான் உங்களுக்குப் பேச்சு வருகிறது. எழுதுங்கள்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன்னால் உங்களை நீல நாற்காலியில் உட்காரச் சொல்லி, கோப்பியை மடியில் வைத்து, போனைத் தூக்கினேன். என்ன செய்தீர்கள் தெரியுமா? கை மேலே போய் முகத்தை மறைத்துக்கொண்டது. அம்மா மாதிரியே. "கைய எடுங்கப்பா" என்று போட்ட சத்தத்தில் பூனைகூடத் திரும்பிப் பார்த்தது.

அந்த முதல் படத்தை நான் அழிக்கவில்லை. அம்மாவின் முப்பதோடு இதை முப்பத்தோராவது என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். கையைக் கீழே இறக்கிய பிறகு எடுத்ததை அம்மா போனில் போட்டிருக்கிறேன். கொஞ்சம் முறைக்கிறீர்கள். பரவாயில்லை, முகம் தெரிகிறது.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். உடனே கூப்பிடாதீர்கள்.

ஷாந்தினி


செலண்டார்
27.7.2025

அன்பு மகள் ஷாந்தினிக்கு,

கூப்பிடவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை உன் கடிதத்தைப் படித்ததும் பெரியநாயகி வீட்டுக்குத்தான் ஓடினேன். போனைக் கையில் வாங்கினேன், உன் நம்பரையும் அவளே அழுத்திக் கொடுத்தாள். அப்போது கடிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பூனை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் நீ வரமாட்டாய். அவ்வளவுதான் காரணம். போனை அணைத்துக் கொடுத்துவிட்டேன்.

தப்புதான். அழுவாய் என்று தெரிந்தே செய்தேன். அந்த ஆறு நாளும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. கோப்பியை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டேன், நீ வரும் நேரத்தில் நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று. அழுதது நீ, சாகாமல் செத்தது பூனை, திட்டு வாங்கியது நான். எனக்குக் கிடைத்ததுதான் நியாயம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நீ கத்திக்கொண்டே இந்த வீட்டில் நடந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக இங்கே யாரும் சத்தம் போட்டதில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிறு, அம்மாவுக்கு வருஷ பூசை. இந்தத் தடவை யாரையும் கொல்லாமலே கூப்பிடுகிறேன். வா.

நேற்று அம்மா போனை எடுத்துக்கொண்டு ஜாசின் கடைக்குப் போனேன். முதலில் கடைக்கார சுரேன் பையனை நாலு வார்த்தை கேட்டேன். அவனுக்கு முகமே செத்துப்போனது. "சாரி அங்கிள். போன வருஷம் ஆண்ட்டி படத்துக்கு வந்தீங்க. திரும்ப வந்து ஒத்தப் படம், பெரிசா, கண்ணாடி பிரேம்ன்னீங்க. நம்மாளுங்க அப்படிக் கேட்டா எங்க கை தானா சந்தனத்துக்குப் போயிருது. பாவம், பிரியமா வளத்த பூனை போலன்னு நெனச்சிட்டேன்" என்றான். அவனையும் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறவனுக்கு யார் பெரிய படம் போடுகிறோம்?

பிறகு நீ எடுத்த படத்தைக் காட்டினேன், நானும் கோப்பியும் இருப்பதை. அதே அளவில், அதே மாதிரிக் கண்ணாடி பிரேமில் போடச் சொன்னேன். ஹாலில் மாட்ட வேண்டும், நீ வரும்போது கண்ணில் பட வேண்டும். கடையிலேயே உட்கார்ந்து வேலை முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேம் முடிந்ததும் அவன் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டான். என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், திரும்பவும் என்னைப் பார்த்தான்.

"பொட்டு வைக்கணுமா அங்கிள்?" என்றான்.

"இன்னும் இல்லலா" என்றேன்.

அப்பா
வீராசாமி